எஸ்தர் பேர் கொடுக்கவில்லை

மலையிலேயே தங்கிவிட்ட என் அம்மாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது நான் எழுதியதையெல்லாம் தங்கச்சி எஸ்தர்தான் உனக்கு வாசித்துக் காட்டினாள். உங்கள் நாவல்கள் எல்லாம் ஏன் தேயிலை மலையிலேயே நடக்கின்றன என்று ஒரு பத்திரிகையிலிருந்து கட்டுரை கேட்டார்கள். அந்தப் பதிலை உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது, அதனால் உனக்கே எழுதுகிறேன். ஊரே வாசிக்கும், வெட்கப்படாதே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் அழவில்லை. உன்னைக் குழியில் இறக்கும்போது அழவில்லை, மழையில் ஊறிய மண்ணை அள்ளிப் போட்டபோதும் அழவில்லை. அடுத்த வாரம் நான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் என் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து "நம்பர் ப்ளீஸ்" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி லீவு எதற்கு எடுத்தாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள்தான் அழுதாள்.

பல் பிடுங்கிய அன்றைக்குக் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்கும் அல்லவா, அப்படி இருக்கிறது எனக்கு. மரப்பு எப்போது விடும் என்று யாரிடம் கேட்பது?

சரி, கேள்விக்கு வருகிறேன். வாசிக்கிறவர்களுக்கு லயம் என்றால் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடுக்கிய தோட்டத் தொழிலாளர் வீடுகள். ஒரு அறை, ஒரு அடுக்களை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கூரை வரைக்கும் எட்டாத ஒரு சுவர். அந்தப் பக்கம் பேச்சிமுத்து மாமா இருமினால் இந்தப் பக்கம் நீ சுக்கு தட்டுவாய். அவர் வாய் திறந்து கேட்டதே இல்லை.

நாகர்கோவில் போர்டிங்கில் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி, திருவனந்தபுரத்தில் கரமனைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பேனாவை எடுத்தால் கை அந்தச் சுவரைத்தான் கட்டுகிறது. ஒருமுறை கோட்டைக்குப் பக்கத்து அக்கிரகாரத் தெருவில் நடக்கிற மாதிரி ஒரு கதை ஆரம்பித்தேன். பதிப்பாளர் வாசித்துவிட்டு, "ஏம்மா, அந்தத் தெருவுல செவரு ஒரு மொழம் கனம். பக்கத்து வீட்டு இருமல் எப்படிக் கேக்கும்?" என்றார். கதையைத் தூக்கிக்கொண்டுபோய் மலையில் வைத்தேன். அங்கே அது ஓடியது.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுப் பின்பக்கத்தில் அவரையும் பூசணியும் தவிர நீ எதையும் நட்டதில்லை. ஒரு பலாக்கன்று வைக்கலாமே என்று, அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் சொன்னபோது, "காய்க்கும்போது இந்த வீட்ல ஆரு இருப்பாளோ" என்றாய். வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது உனக்குத் தெரியும். என் கதைகளில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் பாராட்டி எழுதினார். நானும் என் திறமை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அது எஸ்டேட் சட்டம் என்று அப்போது உறைக்கவில்லை.

போன கிறிஸ்மஸுக்குப் பாதி எழுதிய நாவலோடு வந்தேன், நினைவிருக்கிறதா? அதில் கொழுந்து கிள்ளுகிற ஒரு தாய் இறந்துபோகிறாள். வீட்டை விட்டுவிடக்கூடாது என்று அவளுடைய இளைய மகள் தாயின் இடத்தில் வேலைக்குப் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு மழையில் மலையேறுகிறாள். எஸ்தர் வாசிக்க வாசிக்க நீ அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாய்.

"என்னக் கொன்னுட்டியாடி?" என்று சிரித்தாய். "போட்டும். அந்தச் சின்னவ படிச்ச புள்ளையா?"

"பத்தாவது பாஸும்மா."

"அப்பறம் எதுக்கு மலைக்கு அனுப்புன?"

"கதைக்கு வேணும்மா" என்றேன். நீ முறத்தைத் தட்டிவிட்டு எழுந்துபோனாய்.

அடுத்து வந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து நீ போய்ச் சேர்ந்தாய். அடக்கம் முடிந்த வாரமே சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள அம்மையோட எடத்துல ஆராவது பேரு கொடுக்கணும். இல்லெங்கில் வீடு ஒழிஞ்சு தரணும், கேட்டோ" என்றார்.

கூடியிருந்தவர்கள் எல்லாரும் எஸ்தரைப் பார்த்தார்கள். பேச்சிமுத்து மாமா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "குடுத்துரு புள்ள, வீடாவது மிஞ்சும்" என்றார். எஸ்தர் மலையடிவாரத்து வித்துராவுக்கு நடந்துபோய் டைப்ரைட்டிங் படித்து அப்போதுதான் பரீட்சை பாஸ் செய்திருந்தாள். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா சொல்லட்டும்" என்றாள்.

அம்மா, என் மனசு என்ன சொன்னது தெரியுமா? கொடுத்துவிடு என்றுதான் சொன்னது. ஒவ்வொரு நாவலுக்கும் முன்னால் நான் உன் வீட்டுக்கு வந்து, தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டுத்தான் முதல் வரியை எழுதியிருக்கிறேன். வீடு போய்விட்டால் நான் எங்கே போவேன் என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் எஸ்தர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கதையில ஒரு தடவ நான் பேர் குடுத்தாச்சுக்கா" என்றாள். "கூடையும் மாட்டியாச்சு, மலையும் ஏறியாச்சு. நெசத்துலயும் ஏறணுமா?"

சூப்பர்வைசருக்கு ஒன்றும் விளங்கவில்லை, லயத்துக்காரர்களுக்கும் விளங்கவில்லை. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் இன்னும் ஏதாவது சாமான் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"வேண்டாம் சார், வீட்ட விட்டுர்றோம்" என்றேன். வேறு யாரோ சொன்னது மாதிரி இருந்தது, ஆனால் சொன்னது நான்தான்.

மூட்டை கட்ட ஒரு பகல்கூட ஆகவில்லை. நீ வாழ்ந்ததெல்லாம் இரண்டு சாக்கிலும் ஒரு டிரங்குப் பெட்டியிலும் அடங்கிவிட்டது. உன் கூடையைப் பக்கத்து லயத்துப் பெண் கேட்டாள். எஸ்தர் தூக்கிக் கொடுத்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஏதாவது வலிக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன். ஒன்றும் வலிக்கவில்லை.

இங்கத்திய சேதி சொல்கிறேன். எஸ்தர் எங்களோடுதான் கரமனையில் இருக்கிறாள். கிழக்கேகோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். மலையாளம் என்னைவிட நன்றாக வருகிறது. உன் மருமகன் கேலி செய்தால், "மதி அத்தான், மதி" என்று, போதும் என்பதைக்கூட மலையாளத்திலேயே சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். பின்னறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். "பக்கத்துல ஒரு சத்தமும் இல்லக்கா, நல்ல சொகமா இருக்கு" என்றாள். எனக்குப் பெரிய இழப்பாக இருப்பது இவளுக்குச் சுகமாக இருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மலையில் அவள் பார்த்தது என்ன, நான் பார்த்தது என்ன? பாதியில் இறங்கிப் போனவளுக்குத்தான் அது கதையாகத் தெரிந்ததோ?

நாவல் அப்படியே கிடக்கிறது. நேற்று இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது எஸ்தர் கேட்டாள்.

"அந்தப் புள்ள இன்னும் மலையிலதான் நிக்குதாக்கா?"

"ஆமா."

"மழையிலயா?"

"ஆமா."

அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிப்போயிற்று.

எதற்கு மலைக்கு அனுப்பினாய் என்று நீ கேட்டாயே. அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன் அம்மா. அவளைக் கீழே இறக்கி வித்துரா பஸ்ஸில் ஏற்றப்போகிறேன். இங்கே வந்து இறங்கிய பிறகு எந்தத் தெருவில் நடப்பாள், எப்படிப்பட்ட வீட்டில் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஒரு தெருவைக்கூட நான் கண் திறந்து பார்க்கவில்லை. எஸ்தரிடம்தான் கேட்டுக் கேட்டு எழுதவேண்டும். புத்தகம் மோசமாக வரலாம், வந்தால் வரட்டும். உன் சின்னவள் இனிமேல் கதையில்கூடக் கொழுந்து கிள்ளமாட்டாள்.

உன் மூத்தவள்,
எஸ்தரின் அக்கா,
பாக்கியம்