கட்சியில் மிஞ்சிய செல்வி

மாசி 10, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. இன்று என்னைக் கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள்.

சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடை மாடியில் கூட்டம். மொத்தமே எட்டுப் பேர். எங்கள் கட்சிக்குத் தலைவர் கிடையாது, தேர்தலில் நிற்பதும் கிடையாது. ஆலையைத் தொழிலாளிகளே நடத்தவேண்டும் என்பதுதான் கொள்கை. அடுத்தவனை வேலை வாங்குகிறவன் உறுப்பினராக இருக்கக்கூடாது என்ற விதியை, ஆலை வாசலில் கட்சி தொடங்கிய அன்றே கொண்டுவந்தவன் நான். அதைச் சொல்லி எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறோம்.

இன்று தனசேகரை நீக்கச் சொன்னேன். அவன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான்.

"நான் மட்டுமா மச்சான்? பர்மனென்ட் ஆளுங்க அல்லாரும் கான்ட்ராக்ட் ஆளுங்கள வேலை வாங்கிகினுதான கீறோம். நீ இன்னா பண்ற?" என்றான்.

நேற்றுகூட பீகார் கான்ட்ராக்ட் ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினேன்.

விதி விதிதானே. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கை தூக்கினோம். என் பெயருக்கு நானே தூக்கினேன். கடைசியில், கேன்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவும் செல்வி மட்டும் மிஞ்சினாள்.

"அப்ப இனிமே கட்சி நான் ஒருத்திதானாண்ணா?"

அவள் சிரித்துவிடுவாள், எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

"மெம்பர் இல்லாதவங்க கூட்டத்துல குந்தக் கூடாதேண்ணா" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினோம். கடைக்காரர் ஷட்டரை இழுக்கும்வரை எதிரே நின்றேன். மாடியில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தனியாக உட்கார்ந்து என்ன முடிவெடுத்தாளோ. இனி அதைக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.