நேர்காணல் முடியட்டும்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆஸ்லோவிலிருந்து கடிதம். நிரந்தரப் பேராசிரியர் வேலைக்குத் தேறிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. 21ஆம் தேதி மதியம் ஒன்றரைக்கு நேர்காணல். இங்கே போடியில் அப்பா வீட்டிலிருந்தே கணினியில் பேசலாம். ஜெர்மன், டச்சு, ஐஸ்லாண்டிக் வாக்கிய அமைப்புகளை ஒப்பிட்டே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. எல்லாம் இரண்டு வருஷ, மூன்று வருஷ ஒப்பந்தம். வயது நாற்பத்தொன்று. இதுவும் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "ஜெர்மன்காரன் எப்பிடிப் பேசுனா ஒனக்கென்ன ஆத்தா?" என்று சிரித்தார். பிறகு, "விட்டுறாத, புடிச்சிரு" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காய் எடுப்புக்காக அப்பா குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஜீப்பில் ஏறும்போது அண்ணனுக்கும் பொன்னுமணி மதினிக்கும் உத்தரவு: "படிக்கிற பிள்ளைய யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது." இந்த வயதிலும் நான் படிக்கிற பிள்ளை!

ஆகஸ்ட் 20, புதன்

நாளைக்கு. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை பேசிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அப்பா இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். புதன் சாயங்காலமே சரிவில் விழுந்திருக்கிறார். தலையில் அடி. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வியாழன் காலை வரை நினைவு இருந்ததாம். நான் ஐஸ்லாண்டிக் துணைவாக்கியங்களைப் பற்றி வாய் வலிக்கப் பேசி, கணினியை மூடிய பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தான். "வெரசா கெளம்பு பாப்பா." போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"ஏண்ணே மறைச்ச?"

"அப்பாதான்... பரீச்சை முடியட்டும், சொல்லிறாதன்னாரு."

பரீச்சையாம். பரீச்சை எழுதும் பிள்ளைகளிடம் இங்கே சாவைக்கூட மறைப்பார்கள், தெரியும். ஆனால் நான்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்பேனே, பாவி!

ஆகஸ்ட் 29, வெள்ளி

அண்ணனோடு பேசவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பதினாறாம் நாள். தாய்மாமன் அண்ணன் தலையில் உருமாத் துண்டு கட்டினார். பெரியவர்கள் காலில் எல்லாம் விழுந்து எழுந்தவன், கடைசியில் என் முன்னால் வந்து நின்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேர வேண்டும். — யாரிடம் சொல்ல?

செப்டம்பர் 11, வியாழன்

சம்மதம் எழுதி அனுப்பினேன். அப்புறம் நேரே அண்ணனிடம் போனேன். காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குக் காலைல மதினி காப்பி கொண்டாந்தப்ப அழுது மொகம் வீங்கிக் கெடந்துச்சுண்ணே. பாத்தேன். கேட்டா இன்டர்வியூ கெட்டுப்போகும்னு கேக்காம இருந்துட்டேன்."

அண்ணன் ஒரு சொத்தைக் காயைப் பொறுக்கித் தனியே போட்டான்.

"தெரியும் பாப்பா," என்றான். "நீ பாத்தும் கேக்கலைன்னு ஒன் மதினி அன்னைக்கே சொன்னா."