கன்னக்குகைச் செங்கொடியும் கடம்பராயன் படையும்

வரும் மூச்சு வாழ்க! போகும் மூச்சு வாழ்க! முகமென்னும் பெருநிலத்தில், கன்னத்து எலும்புக்குள் காற்று நிறைந்து கிடக்கும் குகைநாட்டின் அரசாணைகளை எழுதும் ஓலைநாயகம் இளநாகன், எலும்பு மஜ்ஜைக் கோட்டையில் வீற்றிருந்து வெண்குருதிப் படைகளைப் பெற்றெடுத்து அனுப்பும் மாதண்டநாயகர் எயிற்றரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையில் நாள்தோறும் புதுப்படை பிறக்கிறதா? பிறக்கத்தான் செய்கிறது, பாதி எங்கள் தெருவில்தானே நிற்கிறது.

அயல்வீட்டு வம்பு பேசும் வழக்கம் இளநாகனுக்கு இல்லை. ஆயினும் தெருவே கூடி ஒரே கதையைச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்வது அரசநீதி ஆகாது.

குகைச் சுவரில் நல்லமங்கை என்றொரு குடித்தனக்காரி. குகைநீர் வெளியேறும் ஒரே மதகு அவள் வாசலில் இருக்கிறது. கூரைமேல் நிற்கும் மயிர்த்துடுப்புகளை ஓயாமல் அசைத்து, தூசியையும் சளியையும் அம்மதகு வழியே தள்ளுவது அவள் குலத்தொழில். நாட்டு வழக்கம் தாங்கள் அறியாததன்று: சுவர் புண்பட்டால் வீட்டார் செங்கொடி ஏற்ற வேண்டும், கொடி கண்ட படை கேள்வி கேளாமல் வந்து இறங்க வேண்டும்.

சென்ற கார்காலத்தில் காற்றோடு வந்த பூஞ்சைத் தூள் அவள் சுவரைக் கீறியது. கொடி ஏறியது. தங்கள் செங்கச்சைப் படைநாயகன் கடம்பராயன் வந்து நச்சுக்குடங்களை வீசினான். பூஞ்சை ஒழிந்தது, ஆலத்தி எடுத்தோம், மறுக்கவில்லை. ஆனால் குடத்து நஞ்சுக்குக் கண்ணுண்டா? நல்லமங்கையின் சுவரும் சேர்ந்து வெந்தது. சுவர் வெந்ததால், சட்டம் தவறாத அந்தப் பேதை மறுபடி கொடி ஏற்றினாள். கொடி கண்டு இன்னொரு படை வந்தது. அதுவும் குடம் வீசியது. அதற்கும் ஒரு கொடி, அந்தக் கொடிக்கும் ஒரு படை!

பொறுக்கமாட்டாமல் அவள் கடம்பராயனிடமே சென்று, “பகைவன் எங்கே ஐயா, ஒருவனையாவது காட்டும்” என்று கேட்டாளாம். “பகைவன் இல்லாமலா கொடி பறக்கிறது?” என்றானாம் அந்த அறிவுக்கொழுந்து. “கொடி ஏற்றியவள் நான், சுவரைச் சுட்டவர் நீர், இடையில் பகைவனுக்கு ஏதய்யா வேலை?” என்று அவள் சொல்ல, இவள்மேலேயே ஐயம் உண்டு என்று மீசையை முறுக்கினானாம். போதும் என்று முரசறைய வந்த அமைதிக்காவலர் சிலரையும் வாசலிலேயே நிறுத்தி வைத்தானாம். மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மருமகனும் மூன்றாம் நாள் செருப்பைத் தேடுவான். இவர்களுக்கு அந்த நினைப்பே இல்லை!

இப்போது வீடுகள் வீங்கித் தெருவை அடைத்துவிட்டன. சுவரில் திராட்சைக் கொத்துப்போல் சதை தொங்குகிறது. துடுப்புகள் உதிர்கின்றன. மதகில் ஒரு நூல் நுழையும் இடைவெளியே மிச்சம். அதுவும் மூடினால் குகை தன் நீரிலேயே மூழ்கும். தேங்கிய நீரில் மெய்யான பகைவரே குடியேறத் தொடங்கிவிட்டனர். அவர்களைக் கடம்பராயன் கண்டுகொள்ளவில்லை. அவன் கொடியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஏனெனில், இம்முறை சுவர் வெந்தும் நல்லமங்கை கொடி ஏற்றவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டு, உதிராத துடுப்புகளோடு மதகருகே அமர்ந்துவிட்டாள். அது நாட்டுத்துரோகம், அவளைச் சுவரோடு இடித்துத் தள்ள வேண்டும் என்று கடம்பராயன் அரசவைக்கு முறையிட்டிருக்கிறான். சுட்டவன் வாதி, வெந்தவள் குற்றவாளி! இந்த வெட்கக்கேட்டை எந்த நாட்டில் போய்ச் சொல்வது?

ஆகவே அரசாணை இது. நல்லமங்கைமேல் குற்றமில்லை. செங்கச்சைப் படை இவ்வோலை கண்டதும் குடங்களைக் கவிழ்த்துவிட்டுக் குகை நீங்குக. அமைதிக்காவலர் உள்ளே வந்து முரசறைக. இனி எந்தப் படையும், சுவரைப் புண்படுத்தியவர் பகைவரா நம்மவரா என்று பாராமல் குடம் தூக்கலாகாது. மீறுவோர்க்குக் குருதியாற்றில் வழியில்லை.

அரச ஓலைக்குச் சந்தனம் பூசி இலச்சினை இடுவது மரபு. பூசியிருக்கிறோம். மூக்கின் உச்சியில் மணம் அறியும் மேல்மாடமும் இந்த வீக்கத்தால் அடைபட்டு இரண்டு பருவம் ஆகிறது. ஆதலால் அது சந்தனம்தானா என்று இங்கே ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தாங்களே முகர்ந்து பார்த்துக்கொள்க.