வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் நின்றுபோன நோய்க்கால உதவி

அனுப்புநர்:
மால்கம் தாக்ரே,
7, டென்டர் லேன்,
ஆல்டர்க்ளஃப், மேற்கு யார்க்‌ஷயர்.

பெறுநர்:
மாவட்ட மேலாளர் அவர்கள்,
வேலைவாய்ப்பு நிலையங்கள்,
ஆல்டர்க்ளஃப் வட்டாரம்.

பொருள்: நான் முழுநேர வேலைக்குத் தகுதியானவன் என்று எடுக்கப்பட்ட முடிவை மறுபரிசீலனை செய்து, நோய்க்கால உதவியைத் தொடரவும், அதன் விதிகள் இடமளிக்கும் பகுதிநேர வேலையில் சேர அனுமதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

1. எனக்கு வயது ஐம்பது. பேருந்து நிறுவனம் ஒன்றில் கால அட்டவணை தயாரிக்கும் அலுவலராகப் பணியாற்றியவன். சில ஆண்டுகளாக எனக்கு மெனியர் நோய் உள்ளது. உட்செவியைப் பாதிக்கும் இந்நோய் தாக்கும்போது இடது காது அடைத்துக்கொள்ளும், தரை சாயும், கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அட்டவணை போட்டே வாழ்ந்த ஒருவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் நோய் இருக்க முடியாது என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன். மருத்துவச் சான்றுகள் தங்கள் அலுவலகத்தில் உள்ளன.

2. கடந்த மாதச் சந்திப்புக்காக நான் வேலைவாய்ப்பு நிலையத்திற்கு வந்த அன்று மழை. தானாகத் திறக்கும் வாசற்கதவு கோடையிலிருந்தே பழுதாகிக் கிடப்பதால் கையால் தள்ளித்தான் திறக்க வேண்டும். திறந்தேன். பின்னால் குழந்தை வண்டியுடன் வந்த பெண் உள்ளே செல்வதற்காகப் பிடித்துக்கொண்டேன். இதுவரை நடந்தது என் விருப்பப்படி நடந்தது. அப்போதே தலைசுற்றல் தொடங்கிவிட்டது. கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் விடவில்லை.

3. ஒருவர் கதவைத் திறந்து பிடித்திருப்பதைக் கண்டால் நம் ஊரார் நடையை எட்டிப் போட்டு வருவார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. வந்தார்கள். ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் "பரவால்லங்க" என்று பதில் சொன்னேன். நன்றி சொன்னவரைப் பார்த்து வாய்மூடி நிற்பது என் வழக்கமன்று. அஞ்சல்காரப் பெண்மணி ஒருவர், "ஒங்கள மாதிரி மனுசன் இப்பல்லாம் எங்க கண்ணு இருக்காங்க!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலில் நான் ஏறக்குறைய விழுந்திருப்பேன். வாசற்காவலர் திரு. டெரிக் ஓல்ட்ராய்டு, "என்ன சார், என் வேலைக்கே அடி போடுறீங்களா?" என்று கேலி செய்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றும் கேட்டார். "நல்லா இருக்கேன், நன்றி" என்றேன். அது மரியாதைக்குச் சொன்ன சொல். அதை மருத்துவ அறிக்கையாகக் கொள்ளலாகாது.

4. தம் மேசையிலிருந்து இக்காட்சியைக் கண்ட என் ஆலோசகர் திருமதி லொரெய்ன் ஹேக், நான் நீண்ட நேரம் துணையின்றி நின்றதாகவும், கனமான கதவைத் தாங்கியதாகவும், பிறருடன் உற்சாகமாகப் பேசியதாகவும் பதிந்துள்ளார். அவர் பொய் எதுவும் எழுதவில்லை. எனக்கு அக்கதவே துணையாக இருந்தது என்பது மட்டும் அவர் அமர்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்திருக்காது. அப்பதிவின் அடிப்படையில் என் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அடுத்தபடியாக, கிடங்கு ஒன்றில் ஏணியேறிப் பெட்டி அடுக்கும் வேலைக்கு நேர்காணலுக்கு அழைக்கப்பட்டேன்.

5. சென்ற வாரச் சந்திப்பில் நடந்ததை விளக்கினேன். திருமதி ஹேக் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, 'தல சுத்துது, புடிங்க'ன்னு ஒரு வார்த்த கத்தியிருக்கலாம்ல?" என்றார். வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்ததால் இடையில் கத்துவது முறையாகப் படவில்லை என்று தெரிவித்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கும்தான். பின்னர், "நான்தான் தப்பாப் பாத்துட்டேன் மிஸ்டர் தாக்ரே. ஆனா முடிவு மேல எடுத்தது, என்னால அழிக்க முடியாது. நீங்க எழுதுங்க. நறுக்குன்னு எழுதுங்க. நானும் டெரிக்கும் நடந்தத எழுதித் தர்றோம்" என்றார். அவ்வாறே தந்தார்கள், இரண்டையும் இணைத்துள்ளேன். ஏணி வேலைக்கான நேர்காணலையும் அவரே தள்ளிவைத்தார். எனவே, அவர் மீது எனக்குப் புகார் இல்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

6. நான் விரைவு கோருவதற்குக் காரணம் உண்டு. மலையடிக் கிராமங்களுக்குச் சிற்றுந்து ஓட்டும் ஊர்க்குழு ஒன்று, தன் கால அட்டவணையை என் வீட்டிலிருந்தபடியே தயாரித்துத் தருமாறு கேட்டுள்ளது. வாரத்தில் சில மணி நேர வேலை, சிறு சம்பளம். "ஒக்காந்து போடுங்க, படுத்துக்கிட்டுப் போடுங்க, பஸ்சு நேரத்துக்கு வந்தாப் போதும்" என்றார் குழுவின் செயலாளர். நோய்வாய்ப்பட்டபின் எவரேனும் எனக்கு அளிக்க முன்வந்த முதல் வேலை இது. நோய்க்கால உதவி பெறுவோர் இத்தகைய வேலை செய்ய விதி இடம் தருகிறது. தற்போதைய முடிவு நீடித்தாலோ, என் நேரம் முழுவதையும் முழுநேர வேலை தேடுவதிலேயே செலவிட வேண்டும். குழுவின் வேலையை மறுத்துவிட நேரும்.

7. ஆகவே, முடிவை மாற்றி, உதவியைத் தொடரச் செய்து, இவ்வேலையில் சேர அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். திருமதி ஹேக்கே என் ஆலோசகராகத் தொடர வேண்டும் என்பதும் என் விருப்பம். பதிலைத் தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில் அனுப்பினால், என் காதின் நிலை கருதி, நன்றியுடையவனாவேன்.

8. இன்னும் ஒன்று. குழுவின் இப்போதைய அட்டவணையை என் சமையலறை மேசையில் விரித்துப் பார்த்தேன். சனிக்கிழமை மாலைப் பேருந்து, ரயில் வந்து சேர்வதற்குச் சற்று முன்னதாகவே ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டுவிடுகிறது. ரயிலிலிருந்து இறங்குபவர்கள் பைகளோடு நின்று, அது மேட்டில் ஏறிப் போவதைப் பார்க்கிறார்கள். குளிர்கால அட்டவணை இம்மாத இறுதியில் அச்சுக்குச் செல்கிறது. இதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும். அதற்குள் தாங்கள் ஆவன செய்வீர்கள் என்று நம்பி, வேலையைத் தொடங்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இடம்: ஆல்டர்க்ளஃப்
நாள்: 9 அக்டோபர் 2019

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மால்கம் தாக்ரே

இணைப்பு: திருமதி லொரெய்ன் ஹேக், திரு. டெரிக் ஓல்ட்ராய்டு ஆகியோர் கைப்பட எழுதிய விளக்கங்கள்.