அத்தையின் சாக்பீஸ் கோடுகள்

அன்பும் பொறுமையும் உள்ள என் கணவருக்கு,

பொறுமை என்று எழுதியது ஒரு வேண்டுதல்தான். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். அத்தையின் தையல் கடையை மாதக் கடைசியில் காலி செய்துவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டீர்களாமே. நேற்று அவரே வீட்டுக்கு வந்து கேட்டார். அத்தை பித்தான் தைத்துக்கொண்டே இருந்தார்.

மற்றபடி இங்கே நலம். அத்தைக்கு மூட்டு மாற்றிய கால் நன்றாக ஆறிவிட்டது. கட்டைப் பிரித்த அன்று அத்தை டாக்டரிடமே, "தையல் சீராத்தான் இருக்கு, முடிக்கிற எடத்துலதான் கொஞ்சம் இழுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் கூத்தையும் கேளுங்கள். வலிக்கு இதமாக இருக்கட்டுமே என்று அத்தையின் முட்டிக்கு அடியில் தலையணை வைத்து வந்தேன். பிசியோதெரபி செய்ய வரும் பெண் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பிடி பிடித்தாள். அப்படியே பழகினால் கால் முழுசாக நீளாமலே போய்விடுமாம். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டுமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை தலையணையை உருவி என் மடியில் போட்டு, "நீ ஆசையாத்தான் வெச்ச. அதுக்காக நான் காலம்பூரா நொண்ட முடியுமா?" என்றார்.

காலை மடக்கும் பயிற்சிக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னால் இழுப்பார். எட்டிய இடத்தில் துணிக்குப் போடும் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். கண்ணில் தண்ணீர் வழியும், பாதம் மட்டும் நிற்காது. அந்த இடத்தைத் துடைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு பிடிவாதமான ஒருவரை நான் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றுகிறது.

டாக்டர் சம்மதித்த பிறகு போன வாரம் கடைக்குக் கூட்டிப் போனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பாதத்தைப் பெடலில் வைத்து மெதுவாக மிதித்தார். ஒரு வெட்டுத்துணியில் நேராக ஒரு தையல் ஓட்டி, இழுத்துப் பார்த்து, "ஊசிய மாத்தணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் வீடு வரும்வரை அவர் முகம் பூரித்தே இருந்தது.

கடையை மூடச் சொல்வது அம்மா மேல் உங்களுக்குள்ள பாசம். எனக்குத் தெரியும். நான் வைத்த தலையணையும் அப்படிப்பட்டதுதான்.

இதை எழுத உட்கார்ந்தபோது அத்தை, "அவன் சொன்னா மூடிடலாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். நீங்கள் மூடு என்று சொல்லிவிடாதீர்கள்.

விடுமுறையில் வரும்போது உங்களிடம் சாவி இருந்தாலும் மணியை அடித்துவிட்டு நில்லுங்கள். கதவைத் திறக்க அத்தைதான் வருவார். கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி