ஆறு மணி விதியும் செலண்டார் பஸ்ஸும்

தோழி,

நேற்று மத்தியானம் மெர்லிமாவிலிருந்து புக்கிட் காத்திலுக்குத் திரும்பி வரும்போது போலீஸ் ரோட்டை மறித்திருந்தது. பெருநாள் விடுமுறை நேரம், லைசென்ஸ் பார்க்கிறார்களாம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. ஜன்னலை இறக்கினேன். வெயிலில் இளகிய தார் வாசனையும், முன்னால் நின்ற பஸ்ஸின் டீசல் புகையும் ஒன்றாக உள்ளே வந்தன. மகன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "ஏற்கனவே லேட்டும்மா, இதுல இவங்க வேறலா!" என்று புலம்பினான். நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீ. நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் மலாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தது, வெள்ளைக்காரன் ஆட்சியில் மலாயா எமர்ஜென்சி உச்சத்தில் இருந்த காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்று தோட்டத் தொழிலாளர்களின் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ரோட்டுக்கு ரோடு சோதனை. எனக்கு அதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. மெர்லிமாவ் ஜவுளிக்கடைக்காரர் மகள் நான். நீ செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற அம்மாவின் மகள். அந்தத் தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண்.

முதல் நாளே நம் கையில் நீல அட்டை போட்ட விதிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். இரட்டைச் சடைதான் போட வேண்டும். மாடிப்படியில் உரக்கச் சிரிக்கக்கூடாது. சாப்பாட்டு மண்டபத்தில் இங்கிலீஷ் மட்டும். வருகிற கடிதத்தை வார்டன் பிரித்துப் பார்த்த பிறகுதான் நமக்கு. "என்னடி இது, எங்க தோட்டத்துல ஆபீஸ் கிராணி போடற சட்டத்தவிட அதிகமா இருக்கு!" என்றாய். ஆனால் என்னைவிட ஒழுங்காக அந்த விதிகளை நீதான் கடைப்பிடித்தாய். உன் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. மாடிப்படிச் சிரிப்பு ஒன்றைத் தவிர உன்மேல் ஒருவரும் குறை சொன்னதில்லை.

இருபத்து மூன்றாம் விதி மட்டும் உன்னைத் துரத்திக்கொண்டே இருந்தது. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். மூன்று தடவை தாமதமானால் இடம் போய்விடும். அந்த வருஷம் நான் மாணவித் தலைவி. ஞாயிறு மாலைகளில் கேட்டருகே மேசை போட்டு உட்கார்ந்து 'லேட் புக்'கில் பெயரும் நேரமும் எழுதுவது என் வேலை. முதல் தடவை, பட்டாள லாரிகள் வரிசையாகப் போகட்டும் என்று உன் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஆறு முப்பதுக்கு வந்தாய். இரண்டாவது தடவை, யாரோ ஒருத்தியின் துணி மூட்டையில் அரிசி அகப்பட்டது என்று பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஆறு ஐம்பது. இரண்டு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை நீ வரும்போது மணி ஏழு பத்து. சேலை ஓரமெல்லாம் செம்மண். எங்கோ சுட்டுவிட்டார்கள் என்று ரோட்டையே மூடிவிட, நீ நாலு மைல் நடந்து வந்து வேறு பஸ் பிடித்திருக்கிறாய். வார்டன் உள்ளே ஜெபத்தில் இருந்தார். கேட்டருகே நீயும் நானும்தான்.

"யாரும் பாக்கலடி," என்றேன். "அஞ்சு அம்பத்தஞ்சுன்னு போட்டுடறேன். ஓடிப் போயிடு."

"வேணாம்டி. நான் லேட்டு. லேட்டுன்னே எழுது."

"இது மூணாவது தடவை. தெரியும்ல?"

"எனக்குத் தெரியாதா? பேரு எழுத எடமிருக்கு, மணி எழுத எடமிருக்கு. ஏன் லேட்டுன்னு எழுத எடமே இல்லியே, அது எப்படி?"

சொல்லிக்கொண்டே என் பெட்டியிலிருந்த அடிக்கோலை எடுத்தாய். பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாய். தலைப்பில் 'காரணம்' என்று இங்கிலீஷில் எழுதினாய். உன் பெயருக்கு நேராக, 'ரோடு மூடியிருந்தது. நாலு மைல் நடந்தேன்' என்று எழுதிவிட்டு உள்ளே போனாய். கல்லூரிப் பதிவேட்டில் கை வைப்பது தனிக் குற்றம். அதற்கும் ஒரு விதி இருந்தது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொய் நேரம் போடுகிறேன் என்று நான் சொன்னதில் உன்மேல் இருந்த பிரியம் பாதிதான். விசாரணை வந்தால் நானும் அங்கே நின்று பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் மறுபாதி. உனக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நீ கேட்கவே இல்லை.

மறுநாள் காலை பிரின்சிபல் அறையில் விசாரணை. வெள்ளைக்காரப் பெண்மணி, உயரம், பேசும்போது கண்ணிமைக்க மாட்டார். அவர் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் வார்டன். மேசைமேல் லேட் புக் விரித்துக் கிடந்தது. அவர்கள் எல்லாம் இங்கிலீஷில்தான் பேசினார்கள்; ஆனால் எனக்கு இப்போது நினைவில் வருவது தமிழில்தான்.

"இரண்டு குற்றம்," என்றார் பிரின்சிபல். "மூன்றாம் தாமதம். பதிவேட்டைக் கெடுத்தது. மற்ற மாணவிகள் நேரத்துக்கு வருகிறார்கள். உன்னால் மட்டும் ஏன் முடியவில்லை?"

நீ என்னைக் காட்டினாய். "இவள் மெர்லிமாவிலிருந்து வருகிறாள், மேடம். அந்த ரோட்டில் ஒரு சோதனை. என் ரோட்டில் மூன்று."

"அப்படியானால் சீக்கிரம் கிளம்பு."

"தலையெண்ணி முடித்து மத்தியானம்தான் தோட்டத்துக் கேட்டைத் திறக்கிறார்கள். இரண்டு மணிக்குத்தான் பஸ்."

"இருபது மைலுக்கு நாலு மணி நேரம் போதாதா? நானும் அந்த ரோட்டில் போயிருக்கிறேன். முக்கால் மணி நேரம்."

"நீங்கள் காரில் போயிருப்பீர்கள், மேடம்."

வார்டன் பதறி, "பிள்ளை, வாயை மூடும்!" என்று தமிழில் அதட்டினார். நீ மூடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விதிப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடியே நிமிர்ந்து நின்று கேட்டாய்:

"ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ்ஸில் வாருங்கள், மேடம். ஆறு மணிக்குள் நாம் இந்தக் கேட்டுக்குள் வந்துவிட்டால், நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன்."

பிரின்சிபல் உன்னையே பார்த்தார். லேட் புக்கைப் பார்த்தார். பிறகு அதை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் கடைப்பிடிக்க முடியாத விதியை எந்த மாணவிக்கும் போட்டதில்லை. வருகிற ஞாயிறு."

அந்த வாரம் முழுக்க யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நீ மட்டும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாய். "ரோட்டைப் பத்தி எனக்குத் தெரியும்டி," என்றாய். "அது என்னைக் கைவிடாது." நான் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து ரோட்டில் ஒரு தடங்கலும் இல்லாமல் போய்விட்டால்?

ஞாயிறு வந்தது. டிரைவர் பிரின்சிபலையும் உன்னையும் இரண்டு மணி பஸ்ஸுக்குச் செலண்டாரில் இறக்கிவிட்டுக் காரோடு திரும்பி வந்துவிட்டார். ஐந்தரை மணிக்கே மாடி ஜன்னல்களில் எல்லாம் இரட்டைச் சடைகள். நான் கேட்டருகே மேசை போட்டு உட்கார்ந்தேன். ஆறு அடித்தது. மேலேயிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. வார்டன் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. ஆறரை ஆனபோது எனக்குச் சந்தோஷம் போய்விட்டது. வெள்ளைக்காரர்களின் காரையே வழிமறித்துச் சுடுகிற காலம். அந்த அம்மா ஊர் பஸ்ஸில் வருகிறார் என்று காட்டுக்குள் யாருக்காவது தெரிந்திருந்தால்? அதே பஸ்ஸில் நீயும் இருக்கிறாயே. ஏழு மணிக்கு வார்டனின் உதடுகள் ஜெபிப்பது தெரிந்தது. அவர் என் தோளில் கை வைத்தார். முன்பு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வருவது தெரிந்தது. பிரின்சிபல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. வெள்ளைச் சப்பாத்து செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. பக்கத்தில் நீ, சாதாரணமாக, ஏதோ சந்தைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி.

வார்டன் ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தார். பிரின்சிபல் உள்ளே வந்து நேராக என் மேசைக்கு முன்னால் நின்றார். வார்டன் என் காதருகில், "விடும் பிள்ளை, மேடம் உள்ளே போகட்டும்," என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. நீ அங்கே நின்றாய் என்பது மட்டும் தெரியும்.

"உங்கள் பெயர், மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். எழுதினேன்.

"நேரம்?"

"ஏழு இருபத்திரண்டு."

எழுதினேன். கீழே உன் பெயர், அதே நேரம். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். இது புதுப் பக்கம். முந்தின பக்கத்தில் நீ போட்ட கோடு இதில் இல்லை. என் அடிக்கோலை எடுத்து, அவரே மேலிருந்து கீழே கோடு இழுத்தார். 'காரணம்' என்று எழுதினார். அதன் கீழே எழுதியதை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: 'மூன்று சோதனைகள். பயணிகள்மேல் தவறில்லை.' கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு எல்லாப் பக்கத்திலும் இந்தக் கோட்டைப் போட்டுவிடு," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் கதவைத் தாண்டியதும் மாடிப்படி அதிர்ந்தது! முப்பது பெண்களும் கத்திக்கொண்டு ஓடி வந்து உன்னைத் தூக்கியேவிட்டார்கள். அத்தனை உரத்த சிரிப்பை அந்தப் படிகள் கேட்டதே இல்லை. வார்டன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காற்றில் ஆடாத திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

சாப்பாட்டு மண்டபத்தில் இங்கிலீஷ் விதியை மறந்து நீ கதை சொன்னாய். இரண்டாவது சோதனையில் பட்டாளத்துக்காரன் சலாம் வைத்து, "மேடம், நீங்க நிழல்ல உக்காருங்க," என்றானாம். "நான் இந்த பஸ்ஸில் வந்தவள்," என்று சொல்லி அவர் வெயிலில் வரிசையில் நின்றாராம். முன்னால் நின்ற அம்மாவின் சோற்றுத் தூக்கை அவன் திறந்து கிளறிப் பார்த்துப் பிடுங்கி வைத்தபோது, பிரின்சிபல் தன் பையிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் தானே எடுத்து நீட்டினாராம். "இதுவும் சாப்பாடுதானே?" அவன் முழித்த முழியை நீ செய்து காட்டியபோது எனக்குப் புரையேறியது.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். நாம் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிய நாள். நாலு மணிக்கு விழா என்று அச்சடித்திருந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது, பெரிய அதிகாரிகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன் வரிசையில் ஒரு நாற்காலி காலி. உன் அம்மாவின் இடம். நாலே கால் ஆனது. ஓர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பிரின்சிபல் மேடையிலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "செலண்டார் பஸ் வரட்டும்."

நாலு நாற்பதுக்கு உன் அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, செருப்பில்லாத கால், கையில் அடையாள அட்டை அப்படியே. அத்தனை பேரும் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. "ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். "இல்லம்மா, இப்பத்தான்," என்றேன். முதல் பெயராக உன்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நீ உன் தோட்டத்துப் பள்ளிக்கே திரும்பிப் போனாய், தலைமையாசிரியை ஆனாய். நான் மெர்லிமாவ் பக்கம் பாடம் நடத்தினேன். என் பள்ளியில் தாமதமாக வந்த எந்தப் பிள்ளையையும் காரணம் கேட்காமல் வெளியே நிறுத்தியதில்லை. சில பிள்ளைகள் நன்றாகவே பொய் சொன்னார்கள். பரவாயில்லை.

ஆனால் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அதைவிடப் பெரியது. அந்த ஞாயிறுவரை நான் எல்லோருக்கும் நல்ல பெண்; குனிந்த தலை, அழகான கையெழுத்து. அதற்குப் பிறகு கல்வி அதிகாரியோ, தோட்டத்துத் துரையோ, வெள்ளைக் கோட்டு டாக்டரோ, யார் முன்னால் நின்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கேள்வி கேட்கும்போது குரல் மட்டும் நடுங்குவதில்லையடி.