வேலிக்கு நட்ட முதல் கால்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மழை எங்கள் சுங்காய்க்கு வருவதுபோல் வந்து சிலிம் ரிவர் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் பழைய கம்பி வேலி. அதன் மரக்கால் ஒன்றைக் காலால் லேசாகத் தட்டினேன். சாய்ந்துவிட்டது. மண்ணுக்கு மேலே நல்ல மரம், உள்ளே முழுக்கக் கரையான். அதோடு விட்டிருக்கலாம். மற்றதையும் தட்டிப் பார்த்தேன். இப்போது வேலியே இல்லை.

ஒருவகையில் நல்லதுதான். கம்பி வேலி இருந்தும் எதை மறைத்தது? புதிதாகப் பலகை வேலி போடலாம். உயரமாக, இடுக்கில்லாமல். பலகை மரம், கால் மட்டும் இரும்பு. கரையான் இரும்பைத் தின்று பார்க்கட்டும்.

என் மனைவி சரோஜாவிடம் இன்னும் சொல்லவில்லை. மத்தியானம் சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்து, உள்ளே விழும் வெயிலில் பாதத்தை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்துகிறாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முடி எல்லாம் கொட்டிவிட்டது. துண்டு கட்டினால் அரிக்கிறது. கட்டாமல் வெளியே போக மாட்டாள். பின்னால் மூன்று வீட்டு ஜன்னல்கள். ஆக, வெளியே வருவதே இல்லை. அக்கம்பக்கத்துக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது கேஸ்ட்ரிக், வெறும் வயிற்றுக் கோளாறு.

வாங்க வேண்டியது: ரொட்டி, இளநீர், அவளுக்கு மென்மையான பல் பிரஷ். அப்புறம் இரும்பு.

ஜூன் 10, செவ்வாய்

பாயின் இரும்புக் கடை. பாதிக் காலை அங்கேயே போயிற்று. கமுந்திங் ஃபாக்டரியில் ஸ்டோர்கீப்பராக இருந்து பழகிய கை, எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்காது.

“என்னண்ணே, சட்டி வாங்குறாப்ல தட்டிக்கிட்டே இருக்கீங்க,” என்றார் பாய்.

உருண்டைக் குழாய்: மலிவு, ஆனால் பலகை ஒட்டி உட்காராது. கறுப்புப் பெயின்ட் அடித்த சதுரக் குழாய்: பார்க்க அழகு, உள்பக்கம் இப்போதே துரு. துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய கல்வனைஸ் சதுரக் குழாய்: மெல்லியது ஒன்று, கனமானது ஒன்று. மெல்லியதைத் தூக்கிப் பார்த்தேன்.

“அது கம்பி வேலிக்குச் சரி. பலகை அடிச்சா காத்து புடிக்கும்லா. ஒரு சாயங்கால மழைக்கே வளைஞ்சிரும்.”

“தெரியும் பாய். எடை பாக்குறேன்.”

“பாருங்க, பாருங்க. கடை சாயங்காலம் வரைக்கும் தொறந்துதான் இருக்கும்.”

கனமானதே எடுத்தேன். மேல் மூடி கேட்டு வாங்கினேன். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியிலிருந்து துருப்பிடிக்கும். நீளம் சொன்னதும் பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவ்வளவு உசரமா? யாருண்ணே எட்டிப் பாக்குறா?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “நாய் வளக்கப் போறோம்.”

“நாயா, குதிரையாண்ணே?”

சிரித்துவிட்டு வந்தேன். காருக்குள் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதில் என்ன இருக்கிறது? சொல்ல வரவில்லை. அவளே வேண்டாம் என்கிறபோது நான் யார் சொல்ல.

ஜூன் 11, புதன்

இரவு நல்ல மழை, காலையில் வெளுப்பு. சரோ இரண்டு இட்லி சாப்பிட்டாள். வாந்தி இல்லை.

வேலி விஷயம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“எவ்வளவு உசரம்?”

“உன் தலைக்கு மேல ஒரு முழம் இருக்கும்.”

“மாடியில இருந்து பாத்தா?”

“நம்ம வரிசையில யாரு மாடி கட்டியிருக்கா?”

யோசித்தாள். வெங்காயத்தைக் கழுவி வைத்தாள். அப்புறம் அதிகாரம் வந்துவிட்டது.

“முதல் கால வெறுங்கையா நடாதீங்க. ஈசானி மூலையில நடுங்க. மஞ்சள் குங்குமம் வைங்க, மாவிலை கட்டுங்க. மஞ்சத் துணியில நவதானியம் முடிஞ்சு கட்டுங்க.”

“வேலிக்கா இதெல்லாம்?”

“வீட்டுக்குப் புதுசா ஒண்ணு வருது. நல்லபடியா வரட்டும்லா.”

சரி என்றேன். இந்த ஆறு மாதத்தில் அவள் எதற்காவது ஆசையாக உத்தரவு போட்டது இதுதான். மாவிலை என்ன, வாழைமரமே கட்டச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

மகள் கவிதா நாளைக்குப் பினாங்கிலிருந்து வருகிறாள். ஒரு வாரம் லீவு.

ஜூன் 12, வியாழன்

வெயில். வெல்டிங் செய்யும் மணியம் நல்ல நேரத்துக்கே வந்துவிட்டான். சரோ சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து எனக்கு மட்டும் கேட்கிற குரலில் நடத்தினாள். இன்னும் கொஞ்சம் மஞ்சள். துணி கீழே தொங்குது. மேல கட்டுங்க.

கால் நின்றது. சிமெண்டை மண்ணுக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, தண்ணீர் வழிந்தோட சரிவாகப் பூசச் சொன்னேன். மணியம் எப்படியும் அதைச் செய்யத்தான் இருந்தானாம்.

“இது காயட்டும்ணே. ஒரு வேலை பாக்கி கெடக்கு. சனிக்கிழமை வாரேன், மத்ததெல்லாம் நட்டுரலாம்.”

ஆக, பின்பக்கம் வெட்டவெளியில் ஒற்றைக் கால். மாவிலையும் மஞ்சள் துணியுமாக.

சாயங்காலம் கவி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு தலையில் முத்தம் கொடுத்தாள். சரோ தள்ளிவிட்டாள், ஆனால் உடனே இல்லை.

பின்வீட்டுப் பத்மா துணி எடுக்க வந்தவள் என்னைப் பார்த்து, “கவி வந்திருச்சாண்ணே?” என்றாள். கேள்வி சின்னது, சிரிப்பு பெரியது. ஏனென்று விளங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இப்போது விளங்குகிறது.

விளக்கு வைக்கும் நேரம். வாசலில் செருப்புச் சத்தம். பத்மா, கூட மற்ற இரண்டு ஜன்னல் வீட்டுக்காரிகளும். பத்மா கையில் தட்டு: வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமம், கண்ணாடி வளையல்.

“என்னண்ணே, நாங்க என்ன அன்னியமா? பொண்ணு கல்யாணத்த மறைச்சு வச்சிருக்கீங்களே!”

“யாருக்குக் கல்யாணம்?”

“மூர்த்தக்கால் நட்டிருக்கீங்க, எங்க ஜன்னல்ல இருந்து நல்லா தெரியுது. பொண்ணும் லீவு போட்டு வந்தாச்சு. ஆடிக்கு முன்னாலயே முடிக்கிறாங்கன்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன்.”

கவி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். “எனக்கே யாரும் சொல்லலயே, ஆன்ட்டி.”

“அது வேலிக்கு நட்ட கால்மா,” என்றேன்.

“போங்கண்ணே. வேலிக்கு யாரு மாவிலை கட்டுவா?”

அறைக்குள்ளிருந்து சிரிப்பு. சரோவின் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெடிக்குமே, அது. கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. வந்தவர்கள் முன்னாலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து வந்துவிட்டாள். தலையில் துண்டு இல்லை.

மறந்து வந்தாளா, துணிந்து வந்தாளா? கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

“கல்யாணம் இல்லடி பத்மா. நெசமாவே வேலிதான். மாவிலை கட்டச் சொன்னது நான்.”

பத்மா தட்டை மேசையில் வைத்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்.

“கேஸ்ட்ரிக்குன்னு சொன்னியேடி. நான் வேற சீரகத்தண்ணி குடி, இஞ்சி குடின்னு சொல்லிக்கிட்டு கெடந்தேன்.”

“குடிச்சேன்லா,” என்றாள் சரோ. “நீ சொன்னது எல்லாத்தையும் குடிச்சேன்.”

அப்புறம்தான் பத்மா அழுதாள். நன்றாக அழுது மூக்கைச் சிந்திவிட்டு, தட்டைத் திரும்ப எடுத்தாள்.

“கொண்டாந்த வளையல திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டேன். கையை நீட்டு.”

கவியின் ஒல்லிக் கைக்கு மனக்கணக்காக வாங்கியது. போன தீபாவளிக்கு என்றால் சரோவின் விரல்முட்டியைத் தாண்டியிருக்காது. இன்று வழுக்கிக்கொண்டு போயிற்று. பத்மா ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தாள், பிறகு மற்றதையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். குங்குமம் வைக்கப் போனபோது, நெற்றி எங்கே முடிகிறதென்று தெரியாமல் விரல் நின்றுவிட்டது. சரோதான் குனிந்து கொடுத்தாள்.

நான் பின்பக்கம் போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

ஜூன் 14, சனி

பளிச்சென்று வெயில். மணியம் வந்து மற்றக் கால்களையும் நடுவதற்கு எடுத்து வைத்துவிட்டான். வேலை தொடங்கும் முன் சரோவிடம் கேட்டேன். எல்லோரும்தான் பார்த்தாயிற்றே, இனி வேலி வேண்டுமா?

“வேணாமா பின்ன? காலையில இருந்து மூணு ஜன்னல்லயும் கூப்பிட்டாச்சு. சாப்பிட்டியா, தூங்குனியா, மாத்திரை போட்டியான்னு. எனக்குப் படுக்கணும்னா படுக்கணும், அழணும்னா அழணும். உசரத்தக் கொறைக்காதீங்க.”

“சரி.”

“ஆனா பத்மா வீட்டுப் பக்கம் ஒரு கதவு வைங்க. தாழ்ப்பாள் நம்ம பக்கம்.”

மணியம் தலையைச் சொறிந்தான். “கதவுன்னா இந்தக் கால் பத்தாதுண்ணே. தொங்கிரும். அதுக்கு ரெண்டு மட்டும் இதவிட கனமா வேணும்.”

எனக்கு எரிச்சல். பார்த்துப் பார்த்து அளந்து வாங்கியது. மறுபடியும் பாய் கடை. நாய்க்குக் கதவு எதற்கென்று கேட்பார். இந்தமுறை உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

முனகிக்கொண்டே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தால், சரோ சமையலறைக் கதவை விரியத் திறந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வெளியே புல்லில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கைநிறைய வளையல். மூன்று ஜன்னலும் திறந்துதான் கிடக்கின்றன.

“தொப்பி போட்டுக்கிட்டுப் போங்க,” என்றாள். “வெயிலு.”

“உனக்கு ஒண்ணு எடுத்தாரட்டா?”

“வேணாம். தலையில படட்டும்.”